கைநாட்டு சொல்லும் சாட்சி

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் குறிக்க நம் தோட்டப்புறங்களில் ஒரு சொல் உண்டு. "அவர் கைநாட்டு" என்பார்கள். ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் என்று நெகிரி செம்பிலானின் எந்தத் தோட்டத்து லயத்திலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை இந்தச் சொல் புழங்கியது. சொல்பவருக்கு அதில் ஒரு சிரிப்பு இருக்கும். கேட்பவருக்கு ஒரு கூச்சம் இருக்கும். கிராணியார் நீட்டும் தாளில் மையில் தோய்த்த பெருவிரலை அழுத்திவிட்டு, சட்டை ஓரத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நம் தாத்தாக்களும் பாட்டிகளும்.

அந்தக் கைநாட்டுக்குள் உலகத்தையே மாற்றிய ஓர் அறிவியல் ஒளிந்திருந்தது. இன்று தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர்களைப் பார்க்கும் நம் பிள்ளைகள் தடயவியல் படிக்க ஆசைப்படுகிறார்கள். கையுறை, பூதக்கண்ணாடி, ஆய்வுக்கூடம் எல்லாம் லண்டனிலோ நியூயார்க்கிலோ பிறந்தவை என்றே அவர்களில் பலர் நினைக்கிறார்கள். கைரேகையைச் சாட்சியாக வைத்து ஒருவனைத் தண்டித்த உலகின் தொடக்ககால வழக்குகளில் ஒன்று, நம்மைப் போலவே கூலிக்கு ஆள் பிடித்து வந்து நடத்தப்பட்ட ஒரு தோட்டத்தில்தான் தொடங்கியது. அந்த வழக்கைச் சரியாகப் படித்தால் தடயவியலின் பாதிப் பாடத்தையும் படித்துவிடலாம். அதன் பலமும் அதிலேயே இருக்கிறது, எல்லையும் அதிலேயே இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு கொலை

இடம், வங்காளத்தின் வடகோடியில் பூட்டான் எல்லையை ஒட்டிய ஜல்பைகுரி மாவட்டம். காலம், 1890களின் பிற்பகுதி. அங்கே காட்டை அழித்துத் தேயிலை பயிரிட்டார்கள். சோட்டா நாக்பூரிலிருந்து சந்தால், முண்டா, ஒராவோன் பழங்குடியினரைச் சர்தார்கள் என்ற ஆள்பிடிகள் கூட்டி வந்தார்கள். நம்மைக் கங்காணிகள் கூட்டி வந்ததைப் போலத்தான். அங்கும் லயம், அங்கும் பெரட்டு, அங்கும் மேனேஜர் சொன்னதே சட்டம்.

ஒரு நாள் அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தின் மேனேஜர் ஹிருதய நாத் கோஷ், கழுத்து அறுபட்ட நிலையில் தன் கட்டிலில் பிணமாகக் கிடந்தார். அவருடைய காகிதப் பெட்டியும் இரும்புப் பெட்டியும் திறந்து கிடந்தன. சில நூறு ரூபாய் காணாமல் போயிருந்தது. கொலையைப் பார்த்த சாட்சி ஒருவர்கூட இல்லை.

சந்தேகம் முதலில் யார்மேல் போயிருக்கும்? தோட்டத் தொழிலாளர்கள் மேல்தான். மேனேஜர் கடுமையாக வேலை வாங்குபவர் என்று பெயரெடுத்தவர். ஆகவே கூலிகளில் ஒருவன் பழி தீர்த்திருப்பான் என்ற பேச்சு உடனே எழுந்தது. அடுத்தது சமையல்காரர். அவருடைய துணியில் ரத்தத் துளிகள் இருந்தன. மூன்றாவது, மேனேஜரோடு தொடர்பில் இருந்த ஒரு பெண்ணின் உறவினர்கள். நான்காவது, அக்கம்பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த காபூலி நாடோடிக் கூட்டம். ஐந்தாவதாக ஒரு பழைய வேலைக்காரன். திருட்டுக் குற்றத்துக்காக அவனைச் சிறைக்கு அனுப்பியவரே இந்த மேனேஜர்தான். அவன் சில வாரங்களுக்கு முன் விடுதலையாகி இருந்தான். ஆனால் அதன் பிறகு அந்த வட்டாரத்தில் அவனைக் கண்டதாகச் சொல்ல ஆளில்லை.

ஐந்து சந்தேகங்கள், ஒரு பிணம். அந்தக் காலத்துப் போலீஸ் முறையில் இதற்கு எளிய வழி ஒன்று இருந்தது. கையில் கிடைத்தவனை அடித்தால் வாக்குமூலம் கிடைக்கும். கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தவர்கள் லயத்துத் தொழிலாளர்களும் சமையல்காரரும்தான். அவர்களில் ஒருவர் தூக்குமேடைக்குப் போயிருந்தால் அதைக் கேட்க நாதி இருந்திருக்காது. அவர்களைக் காப்பாற்றியவை இரண்டு அறிவியல் சோதனைகள்.

புறாவின் ரத்தம்

முதல் சோதனை சமையல்காரரின் துணியில் நடந்தது. "எஜமானின் சாப்பாட்டுக்காகப் புறா அறுத்தேன், அந்த ரத்தம்தான் இது" என்பது அவருடைய வாதம். வேறு நாளாக இருந்தால் இதை யார் நம்பியிருப்பார்கள்? துணி அரசாங்க ரசாயனப் பரிசோதகரிடம் போனது. அவருடைய அறிக்கை சமையல்காரரின் சொல்லுக்கு ஆதரவாக வந்தது.

பறவையின் ரத்தத்தையும் பாலூட்டியின் ரத்தத்தையும் நுண்ணோக்கி வழியே வேறுபடுத்தலாம். கோழி, புறா போன்ற பறவைகளின் சிவப்பணு நீள்வட்டமாக இருக்கும். நடுவில் கரு இருக்கும். மனிதனின் சிவப்பணு வட்டமாக இருக்கும். அதில் கரு கிடையாது. இன்று படிவம் நான்கில் உயிரியல் படிக்கும் மாணவருக்கே புரியக்கூடிய செய்திதான். அன்று அது ஒரு மனிதனின் உயிர்.

இதில் ஓர் எல்லையும் உண்டு. ஒரு கறை பாலூட்டியின் ரத்தம் என்று சொன்னால் அது மனித ரத்தம் என்று ஆகிவிடாது. ஆட்டு ரத்தமும் மாட்டு ரத்தமும் பாலூட்டியின் ரத்தமே. மனித ரத்தத்தைத் தனியாகப் பிரித்துச் சொல்லும் சோதனையை ஜெர்மனியின் பால் ஊலன்ஹூத் 1901இல்தான் கண்டுபிடித்தார். ஜல்பைகுரி வழக்கு நடந்தபோது அந்தக் கருவி உலகில் யாரிடமும் இல்லை.

நீல அட்டையில் இரண்டு கறைகள்

இரண்டாவது சோதனைக்குத் துணையாக வந்தது ஒரு நாட்காட்டிப் புத்தகம். நம் வீட்டுப் பஞ்சாங்கம்போல வங்காள எழுத்தில் அச்சானது. வெளிர் நீல அட்டை. மேனேஜரின் காகிதப் பெட்டிக்குள் மற்றத் தாள்களோடு அது கிடந்தது. அட்டையின் மேல் மங்கலாக இரண்டு பழுப்புக் கறைகள் தெரிந்தன. அவசரக்காரர் யாராவது துடைத்துப் போட்டிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ஒரு கறையில் வலது கை விரலின் ரேகை ஒரு பகுதியாகத் தெரிந்தது.

அந்த அட்டை கல்கத்தாவுக்குப் போனது. 1897இல் அங்கே கைரேகைப் பதிவு அலுவலகம் தொடங்கப்பட்டிருந்தது. குறிப்பிட்ட குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்களின் பத்து விரல் ரேகைகளும் அங்கே வரிசைப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அட்டையில் இருந்த ரேகை ஒருவனுடைய வலது பெருவிரல் ரேகையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அவன் பெயர் காங்காலி சரண். மேனேஜர் சிறைக்கு அனுப்பிய அதே பழைய வேலைக்காரன்.

அவனுடைய ரேகை பதிவேட்டுக்கு எப்படி வந்தது? மேனேஜர் கொடுத்த திருட்டுப் புகாரால் வந்தது. செத்துப்போன மனிதர் உயிரோடு இருந்தபோது கொடுத்த புகார்தான், அவர் பெட்டியைத் திறந்தவனைப் பின்னாளில் காட்டிக் கொடுத்தது. பத்து விரல்களின் வரிசைப்படி அடுக்கிய பதிவேட்டில் ஒற்றை விரலை வைத்துத் தேடுவது அந்தக் காலத்தில் மலையைத் தோண்டும் வேலை. ஒரு பெயர் கையில் இருந்தால் அவனுடைய அட்டையை உருவி ஒப்பிடுவது எளிது. ஆகவே போலீசாரின் விசாரணையும் ஆய்வுக்கூடமும் சேர்ந்து நடந்தால்தான் பலன் கிடைக்கும். தொலைக்காட்சித் தொடர்கள் இதைச் சொல்வதே இல்லை.

காங்காலி சரணைச் சில நூறு மைலுக்கு அப்பால் பீர்பூம் மாவட்டத்தில் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார்கள். அவனுடைய பெருவிரல் ரேகையை மறுபடியும் எடுத்தார்கள். அட்டையில் இருந்த பழுப்புக் கறை பாலூட்டியின் ரத்தம் என்று ரசாயனப் பரிசோதகர் சான்றளித்தார். இரும்புப் பெட்டியின் சாவியைத் தேடிக் காகிதங்களைக் கிளறும்போது ரத்தம் தோய்ந்த பெருவிரல் அட்டையில் பட்டிருக்கிறது என்பதே அரசுத் தரப்பின் முடிவு.

சங்கும் சக்கரமும்

கைரேகை என்றதும் நம்மவர்களுக்கு ஜோதிடம்தான் நினைவுக்கு வரும். வைத்தீஸ்வரன்கோவில் நாடி ஜோதிடத்தில் ஆணுக்கு வலது பெருவிரல், பெண்ணுக்கு இடது பெருவிரல் ரேகையை எடுத்துத்தான் ஓலை தேடுவார்கள். உள்ளங்கையில் ஆயுள் ரேகை, புத்தி ரேகை என்று பார்ப்பது வேறு. தடயவியல் பார்ப்பது விரல் நுனியில் உள்ள மெல்லிய மேடுகளை. அந்த மேடுகளில் வியர்வைத் துளைகள் வரிசையாக இருப்பதால், தொட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரதி ஒட்டிக்கொள்கிறது.

விரல் நுனியில் சங்கு, சக்கரம் பார்க்கும் வழக்கம் நம் கிராமங்களில் பழையது. தடயவியலும் ஏறத்தாழ அதே பிரிவுகளைத்தான் வைத்திருக்கிறது. ஒரு பக்கம் நுழைந்து வளைந்து அதே பக்கம் திரும்பும் ரேகை ஒரு வகை; மனித விரல்களில் 60 முதல் 65 விழுக்காடு இந்த வகையே. சுழன்று வட்டமிடும் சக்கரம் 30 விழுக்காட்டுக்கும் சற்று மேல். வில்லைப் போல எழும்பி அடுத்த பக்கம் போய்விடும் ரேகை 5 விழுக்காடு அளவில்தான்.

இந்தக் கோடுகள் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கு மரபணு ஒன்றாக இருக்கலாம், ரேகை வேறுதான். ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம், உளி பிடித்த கையின் காய்ப்பு, மண்வெட்டி எல்லாம் மேல்தோலைத் தேய்த்துவிடும். இருந்தாலும் அடித்தோல் கெடாதவரை, சில வாரங்கள் ஓய்வு கொடுத்தால் அதே ரேகை அதே அமைப்பில் மீண்டு வரும்.

ரேகை மாறாது என்று தெரிந்தால் மட்டும் போதாது. ஆயிரக்கணக்கான அட்டைகளில் ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? இந்தப் புதிருக்கு விடை கண்டவர்கள் வங்காளப் போலீசில் வேலை பார்த்த இரண்டு இந்தியர்கள். ஒருவர் காசி அஜிசுல் ஹக், கணித மாணவர். மற்றவர் ஹேம் சந்திர போஸ். பத்து விரல்களையும் ஐந்து ஜோடிகளாகப் பிரித்தார்கள். முதல் ஜோடி விரலில் சக்கரம் இருந்தால் 16 மதிப்பெண், அடுத்த ஜோடிக்கு 8, பிறகு 4, 2, 1. சக்கரம் இல்லாத விரலுக்குச் சைபர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரலின் மதிப்பெண் மேல் கணக்கிலும், மற்ற விரலின் மதிப்பெண் கீழ்க் கணக்கிலும் சேரும். இரண்டு கூட்டுத்தொகைகளோடும் 1 சேர்த்தால் 1 முதல் 32 வரையான எண் கிடைக்கும். 32ஐ 32ஆல் பெருக்கினால் 1,024. ஆக 1,024 அறைகள் கொண்ட ஓர் அலமாரி போதும். எந்த மனிதனின் அட்டையையும் நேராக ஓர் அறைக்குப் போய் எடுத்துவிடலாம்.

கணினி இல்லாத காலத்தில் இது பெரிய சாதனை. உலகம் இந்த முறையை அறிந்தது "ஹென்றி முறை" என்ற பெயரில். எட்வர்ட் ஹென்றி வங்காளப் போலீசின் தலைவர். ஜல்பைகுரி வழக்கை 1900இல் வந்த தம் நூலில் விவரித்தவரும் அவரே. 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவைத் தொடங்கியவரும் அவரே. ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும் போஸுக்கு ராய் பகதூர் பட்டமும் பணமும் கிடைத்தன. முறையின் பெயரில் மட்டும் இடம் கிடைக்கவில்லை. தோட்டத்தில் உழைத்தவர் ஒருவர், பலகையில் பெயர் மற்றொருவருடையது என்பது நம்மவர்களுக்குப் புதிய கதையல்லவே.

திருடன், ஆனால் கொலைகாரனா?

1898இல் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதியோடு அசெஸர்கள் என்ற துணை ஆலோசகர்கள் அமர்ந்தார்கள். நம் நாட்டிலும் 1995 வரை சட்டத்தில் இடம் பெற்றிருந்த முறைதான் அது. குற்றச்சாட்டு இரண்டு: கொலை, திருட்டு.

காங்காலி சரண் பெட்டியைத் தொட்டான் என்பதற்கு அட்டை சாட்சி. அவனுக்கு மேனேஜர் மேல் பகையும் இருந்தது. ரத்தமும் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தாக இருந்தால் "இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்டிருப்பார்கள். அசெஸர்கள் அப்படிக் கேட்கவில்லை. திருட்டு ஐயமின்றி நிரூபிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். ஆனால் கொலையை எவரும் பார்க்காத நிலையில் அவனைக் கொலைக்குத் தண்டிப்பது பாதுகாப்பானதல்ல என்றார்கள். திருட்டுக்காக மட்டும் அவன் தண்டிக்கப்பட்டான். மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பே நிலைத்தது.

இந்தத் தீர்ப்பு பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். தடயவியலின் முதல் பாடம் இதுதான். ரேகை ஆளைச் சொல்லும். நடந்த கதையைச் சொல்லாது. அந்தப் பெருவிரல் அந்த அட்டையைத் தொட்டது என்பதுவரைதான் ரேகையின் சாட்சி. எப்போது, எதற்காக, யாரோடு, தொடுவதற்கு முன் அந்தக் கை என்ன செய்தது என்பதையெல்லாம் வேறு சாட்சியங்கள்தான் சொல்ல வேண்டும்.

வழக்கு முடிந்த மறு ஆண்டு, 1899இல், இந்தியச் சான்றுச் சட்டத்தின் 45ஆவது பிரிவில் "விரல் ரேகை" என்ற சொல் சேர்க்கப்பட்டது. விரல் ரேகை பற்றி நிபுணர் சொல்லும் கருத்தை நீதிமன்றம் ஏற்கலாம் என்று ஆனது. 1872ஆம் ஆண்டின் அந்த இந்தியச் சட்டத்தை அடியொற்றித்தான் மலாயாவின் சட்டமும் எழுதப்பட்டது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சான்றுச் சட்டத்திலும் அதே 45ஆவது பிரிவு, அதே விரல் ரேகை. இந்தியா தன் பழைய சட்டத்தை 2024 ஜூலையில் மாற்றிவிட்டது. நம் நாட்டில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சிரம்பான் நீதிமன்றத்தில் ஒரு கைரேகை நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது அவருக்கு இடம் தருவது அந்தப் பிரிவுதான்.

தாயும் அண்டை வீட்டுக்காரரும்

இதே பாடத்தின் மறுபக்கத்தைக் காட்டும் வழக்கு 1892இல் அர்ஜென்டினாவின் நெகோசியா என்ற ஊரில் நடந்தது. பிரான்சிஸ்கா ரோஜாஸ் என்ற பெண்ணின் இரண்டு பிள்ளைகள் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு வெலாஸ்கஸ்தான் கொலைகாரன் என்றாள் தாய். பெற்றவள் அழுது சொல்லும்போது சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்? போலீஸ் அந்த ஆளைப் பிடித்து வதைத்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு வந்த ஆல்வரஸ் என்ற அதிகாரி வீட்டை மறுபடி பார்த்தார். கதவில் ரத்தம் தோய்ந்த பெருவிரல் தடம் இருந்தது. அந்த மரத்துண்டை அறுத்தெடுத்தார். ரேகையை ஒப்பிட்டபோது அது தாயினுடையது. பிள்ளைகளின் உடலைத் தான் தொடவில்லை என்று சொல்லியிருந்தவள் அவள். ரேகையைக் காட்டிய பிறகு உண்மையை ஒப்புக்கொண்டாள். அடி உதையால் வராத உண்மை ஒரு மரத்துண்டிலிருந்து வந்தது.

மிரட்டுவதற்கு வந்த ரேகை

கைரேகை குற்றவாளியைப் பிடிக்கப் பிறந்ததல்ல. கூலிக்காரனையும் ஒப்பந்தக்காரனையும் கட்டிப்போடப் பிறந்தது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குக் கல் சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் போட்டார். கையெழுத்தைப் பின்னால் மறுத்துவிடக் கூடாதே என்று அவருடைய உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். மிரட்டி வைப்பதே நோக்கம். பின்னாளில் ஓய்வூதியம், நிலப் பத்திரம் ஆகியவற்றுக்கும் அவர் ரேகை வாங்கத் தொடங்கினார்.

மலாயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர்களுக்கும் காகிதத்தோடு இருந்த உறவு அப்படிப்பட்டதுதான். படிக்கத் தெரியாத ஒப்பந்தத்தில் ஒரு கீறலோ ஒரு கைநாட்டோ போட்டுவிட்டுக் கடல் கடந்தார்கள். நெகிரி செம்பிலானில் லின்சும் போன்ற இடங்களில் முதலில் காப்பி, பிறகு ரப்பர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்பும் கங்காணி முறை தொடர்ந்தது. தாளில் இருந்த பெருவிரல் யாருடையது என்பதில் ஐயமில்லை. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது விரலுக்குரியவருக்குத் தெரியாது.

1948இல் இந்தப் பெருவிரல் அடையாள அட்டைக்கு வந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்ட ஆண்டு அது. 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டை ஒவ்வொருவர் கைக்கும் வந்தது. காட்டோரத் தோட்டங்கள் நிறைந்த ஜெலுபு, பகாவ் வட்டாரங்களில் அந்த அட்டை இல்லாமல் வெளியே நடமாடுவது ஆபத்து. ரோட்டில் ராணுவம் "அட்டை எங்கே?" என்று கேட்கும். காட்டிலிருந்து வந்தவர்களோ அதே அட்டையைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டார்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே நின்ற பால்மரத் தொழிலாளிக்கு அந்தச் சிறு அட்டையே உயிர்க்காப்பு.

குற்றவாளிகளின் ரேகையை மட்டும் பதிவு செய்த முறை, ஒரு குற்றமும் செய்யாத ஒவ்வொரு தோட்டத் தொழிலாளியின் ரேகையையும் பதிவு செய்யும் முறையாக மாறியது இப்படித்தான். சந்தேகத்தால் பிறந்த அந்த அட்டை, பின்னாளில் உரிமையின் சான்றாகவும் மாறியது. நாடு சுதந்திரமடைந்து குடியுரிமை பற்றிய கேள்வி எழுந்தபோது, கையில் தாள் இருந்தவர்கள் தப்பினார்கள். தோட்டத்திலேயே பிறந்து பிறப்பைப் பதியாமல் விட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீல அட்டைக்காக அலைந்தார்கள். 2011இல் "மைடஃப்தார்" என்ற பதிவு இயக்கம் நடத்த வேண்டிய அளவுக்கு அந்தச் சிக்கல் நீடித்தது.

நிபுணரும் தவறலாம்

ரேகை பொய் சொல்லாது என்பது உண்மை. அதைப் படிக்கும் மனிதர் தவறலாம் என்பதும் உண்மை. 2004 மார்ச் 11ஆம் நாள் ஸ்பெயின் தலைநகர் மட்ரிட்டில் ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெடிக்கும் கருவிகள் இருந்த ஒரு பையில் ஒரு விரல் தடம் கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணினியில் தேடியது. ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பிரண்டன் மேஃபீல்ட் என்ற வழக்கறிஞரின் பெயர் வந்தது. எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அதை உறுதி செய்தார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் தலையாட்டினார்.

ஸ்பெயின் போலீஸ் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவனுடையது என்று கண்டுபிடித்தார்கள். மேஃபீல்ட் விடுதலையானார். எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, 2006இல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது. முதல் நிபுணர் சொன்ன முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு அடுத்தவர் பார்த்தால், அவருடைய கண்ணும் அதே முடிவைத் தேடும். கோடிக்கணக்கான ரேகைகள் உள்ள கணினியில், கிட்டத்தட்ட ஒத்துப்போகும் ஒன்று எப்படியும் அகப்படும். ஜல்பைகுரி அசெஸர்கள் காட்டிய எச்சரிக்கை, 106 ஆண்டுகள் கழித்து இத்தனை கருவிகள் வந்த பிறகும் தேவைப்பட்டது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

2001இல் மைகாட் வந்தது. அதன் சில்லுக்குள் இரண்டு பெருவிரல்களின் ரேகையும் அடங்கியிருக்கிறது. வங்கியில், பதிவிலாகாவில் விரலை வைத்தால் இயந்திரம் ஆளைச் சொல்லிவிடும். ஆண்டுக்கணக்கில் உளி பிடித்த முதியவர் விரலை வைக்கும்போது சில நேரம் இயந்திரம் தடுமாறும். அவர் கூச்சப்பட வேண்டியதில்லை. பதற்றப்படாமல் அதிகாரியிடம் எடுத்துச் சொல்லி வேறு வழியில் சரிபார்க்கச் சொல்லலாம். தேய்ந்த ரேகை உழைப்பின் அடையாளம்.

லாபு, நீலாய் வட்டாரங்களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மற்ற இடங்களில் ரப்பர் நின்ற மண்ணில் செம்பனை நிற்கிறது. லயங்கள் குறைந்துவிட்டன. ஆனால் அங்கிருந்து வந்தவர்களிடம் சில பழக்கங்கள் இன்னும் இருக்கின்றன. அவசரத்துக்குக் கடன் வாங்கும்போது அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வருவது ஒன்று. எழுதாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பது மற்றொன்று. பிறருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். வெற்றுத் தாளில் வைத்த ரேகை, வைத்தவரை நிச்சயம் காட்டிக் கொடுக்கும். பின்னால் அந்தத் தாளில் எழுதப்பட்டது அவருக்குத் தெரியாது என்பதை அது சொல்லாது. ரேகை ஆளைச் சொல்லும், கதையைச் சொல்லாது என்ற பாடம் நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதல்ல.

மற்றொரு பழக்கம், ஏதாவது அசம்பாவிதம் நடந்த வீட்டுக்குள் ஊரே நுழைவது. தரையைக் கழுவிவிடுவார்கள்; பொருளை எடுத்து ஒழுங்காக வைப்பார்கள். இரக்கத்தால் செய்வதுதான். பிரான்சின் லியோன் நகரில் 1910இல் போலீஸ் ஆய்வுக்கூடம் அமைத்த எட்மண்ட் லொக்கார்ட் சொன்ன தத்துவம் இதற்குப் பொருந்தும்: ஒன்றோடு ஒன்று பட்டால் இரண்டிலும் ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும். குற்றவாளி விட்டுப்போன தடத்தின் மேல் பத்துப் பேருடைய தடம் விழுந்தால் தப்பிப்பவன் குற்றவாளி. மாட்டிக்கொள்வது அப்பாவியாகவும் இருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு, 999ஐ அழைத்து, போலீஸ் வரும்வரை வெளியே நிற்பதே அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் பெரிய உதவி.

தடயவியல் படிக்க ஆசைப்படும் மாணவர்களுக்கு வழி இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கிளந்தான் குபாங் கெரியான் வளாகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தடயவியல் பட்டப்படிப்பு உண்டு. படித்தவர்களுக்கு ரசாயன இலாகாவும் அரச மலேசிய போலீசின் ஆய்வுக்கூடமும் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டு மரபணு அடையாளச் சட்டத்துக்குப் பிறகு மரபணுத் துறையும் வளர்ந்திருக்கிறது. வேதியியல், உயிரியல், கணிதம் மூன்றிலும் அடித்தளம் வேண்டும். கூடவே பொறுமை வேண்டும். நினைத்த முடிவுக்காகச் சான்றை வளைக்காத நேர்மை வேண்டும்.

ஜல்பைகுரி வழக்கில் சந்தேகப்பட்டவர்களில் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று வரலாறு எழுதி வைக்கவில்லை. "தோட்டத்துக் கூலிகள்" என்ற ஒரே வார்த்தையில் அவர்கள் வந்து போகிறார்கள். நீல அட்டையைத் துடைக்காமல் உற்றுப் பார்க்க ஒருவர் இருந்ததால் அவர்கள் வீடு திரும்பினார்கள். அடுத்த முறை ஒரு தோட்டத்திலோ, தாமானிலோ, மலிவு வீட்டுக் குடியிருப்பிலோ ஒரு குற்றம் நடக்கும்போது பூதக்கண்ணாடியைப் பிடிக்கும் கை, ஒரு காலத்தில் "கைநாட்டு" என்று அழைக்கப்பட்டவரின் பேத்தியுடையதாக இருக்கட்டும்.